முக்கால் விமானம்

எளாவூர் சோதனைச்சாவடியில் இரவு இரண்டு மணிக்கு
லாரிகள் வரிசையில் நின்று மூச்சுவிடும்.
தவிட்டு வாசனை, டீசல்,
பழவேற்காட்டுப் பக்கமிருந்து ஏறிவரும் உப்புக்காற்று.
நான் சீட்டுகளை வாங்கி எண்களைப் பதிகிறேன்.

நாயுடுபேட்டை மில் ஒன்றின் சீட்டில் ஏழு.
அடுத்ததில் முப்பத்தொன்று.
விடிவதற்குள் நாற்பத்துநான்கு.
என் கண்ணில் பட்டது மூன்றே லாரி.
அன்று மில் கேட்டைத் தாண்டியது
ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ.
பார்த்ததில் பெரிய எண்ணை எடு,
எத்தனை பார்த்தாயோ அத்தனையால் வகு,
வந்ததைப் பெரியதோடு கூட்டு,
ஒன்றைக் கழி. அவ்வளவுதான்.

இதே கணக்கைப் பகலில்
கும்மிடிப்பூண்டி மாடி போர்ஷனில், மின்விசிறிக்கு நேர்கீழே,
சீனத்துப் போர்விமானங்களுக்குப் போடுகிறேன்.
தில்லியில் ஓர் அலுவலகம். மாதம் ஓர் அறிக்கை.
பக்கத்துக்கு எழுநூறு ரூபாய்.

செங்டுவில் ஓடுபாதையோரம் ஒன்று நிற்கும்,
மஞ்சள் பூசிவிட்டு இன்னும் தண்ணீர் ஊற்றாத
பிள்ளையைப் போல.
வேலிக்கு வெளியே எவனோ ஏணிமேல் நின்று எடுத்த படம்.
மூக்கருகே எண்ணை அழித்திருப்பார்கள்.
சிலவற்றில் அழிக்க மறந்திருப்பார்கள்.
அந்த மறதிதான் எனக்குச் சோறு.

வானத்திலிருந்து எடுத்த படத்தில்
புதுக் கொட்டகையை அதன் நிழலை வைத்து அளந்தேன்.
சைக்கிள் நிறுத்துமிடம் பெருத்திருந்தது.
எஞ்சின் ஆலைக்குப் போகும் தண்டவாளத்தில்
துரு போயிருந்தது.
பூநாரை எண்ண ஏரிக்கு வருகிறவர்கள்
ஒரு சதுரத்தை எண்ணி மிச்சத்தைப் பெருக்கிக்கொள்வார்களாம்.
எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

இந்த மாதம் சிக்கியவை நான்கு:
பன்னிரண்டு, அறுபத்தொன்று, எண்பத்தெட்டு, நூற்றுமூன்று.
விடை நூற்றிருபத்தேழே முக்கால்.

முக்கால் விமானம்.
வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வால் இல்லாமலா? ஓர் இறக்கையோடா?
மலைகளுக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு கொட்டகையில்
மிச்சக் காலுக்காக ஒருத்தி
இரவுப்பணியில் திருகாணி முடுக்குகிறாள்.
அவளுக்கும் கழுத்து பிடித்திருக்கும்.

தில்லிக்காரர் போனில் சொன்னார்:
நூற்றிருபத்தெட்டு என்றே போடுங்கள்.
'ஏறத்தாழ'வையும் எடுத்துவிடுங்கள்,
அதைப் பார்த்தால் மேலே யாரும் படிக்கமாட்டார்கள்.
எடுத்தேன்.

வெள்ளியிரவு பெஞ்சலய்யாவின் வண்டி வந்தது.
சீட்டில் நாற்பத்துநான்கு.
ஒரு மணிநேரம் முன்பே போய்விட்டது ஒரு நாற்பத்துநான்கு.
வேறு வண்டி, வேறு டிரைவர்,
அதே தேதி, அதே பச்சை மை.
என்னய்யா இது என்றேன்.
ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுச் சிரித்தான்.
"ஒகட்டே நெம்பரு, ரெண்டு பண்டி மேடம்.
மில்லுல ரெண்டு புக்கு இருக்குது.
சில நாளு நெம்பரைத் தாண்டித் தாண்டியும் எழுதுவாங்க.
ஜாஸ்தி ஓடுற மில்லுன்னு பேங்கு நம்பணும்ல?"

ஓரங்கட்டச் சொன்னேன்.
எடைமேடைக்கு அனுப்பலாமென்றால்
அது புதன்கிழமையிலிருந்து ரிப்பேர்.

சீட்டின் பின்புறம் என் பேனா
பன்னிரண்டு, அறுபத்தொன்று என்று கிறுக்கிக்கொண்டிருந்தது.
செங்டுவிலும் இரண்டு புத்தகம் இருக்கலாம்.
நூற்றுமூன்றை எனக்காகவே எழுதியிருக்கலாம்.
ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவர்களாயிருக்கலாம்.
அல்லது அங்கே எல்லாம் நேர்மையாக நடந்து,
ஒவ்வொரு காலையும் ஒழுங்காக ஒன்று
மஞ்சளாக வெயிலுக்கு வரலாம்.
அறிக்கையோ போய்விட்டது.
நேற்று டீக்கடைப் பேப்பரில்கூட இருந்தது:
நூற்றிருபத்தெட்டு. கொட்டை எழுத்தில்.
மாஸ்டர் அதன்மேல்தான் வடை வைத்துக் கொடுத்தார்.

பதிவேட்டில் இரண்டாவது நாற்பத்துநான்கை எழுதினேன்.
பக்கத்தில் பென்சிலால் 'ஏறத்தாழ'.
பெஞ்சலய்யா எட்டிப் பார்த்து
இது என்ன சீல் மேடம் என்றான்.

பின்னால் எழுபது லாரி ஹாரன் அடித்தது.
எழுபது என்பது
நான் எண்ணியதல்ல.