ஒரு செவ்வாய்க்கிழமை

கண்ணகி நகர் சகாயராஜின் ஸ்கூட்டரில்
ஏழு சென்சார்களைக் கட்டி அனுப்பினோம்
ஒரு செவ்வாய்க்கிழமை.
வேகம், வெப்பம், மின்னோட்டம், ரோட்டின் குலுக்கல் என
நொடிக்குப் பத்து முறை எழுதியபடி வந்தது
சீட்டுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி.
பதினாறு பிரியாணி, ஒரு தயிர்சாதம்,
பெசன்ட் நகரில் யாரோ வாங்க மறுத்த கேக்.
இதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது.
அவர் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.

அந்த ஒரு நாளைத்தான்
தரமணி ஆய்வகத்தில் பன்னிரண்டு மின்கலங்களுக்கு
நாளுக்கு நான்கு தடவை ஓதுகிறேன்.
நாற்பத்தைந்து டிகிரிச் சூட்டறைக்குள்
கட்டைவிரல் பருமனில் நிற்கிற உருளைகள்
நகராமலே ஓஎம்ஆரில் ஓடுகின்றன.
டைடல் பார்க் சிக்னலில் மூச்சு வாங்குகின்றன.
11.42க்கு, எஸ்.ஆர்.பி. டூல்ஸ் தாண்டியதும்,
சடாரென்று ஒரு பிரேக்.
வீணாகியிருக்க வேண்டிய வேகம்
மின்சாரமாய்த் திரும்பிப் பாய்கிற இடம்;
வரைபடத்தில் ஒற்றை முள்ளாய் நிமிரும்.
நாய் மேடம், என்றார் சகாயராஜ்.
வெள்ளை நாய். ஒரு காது மடங்குனது.

ஆயிரத்து நூற்று நாற்பது தடவை
அந்த நாய் குறுக்கே ஓடியிருக்கிறது.
ஆயிரத்து நூற்று நாற்பது தடவையும் பிழைத்திருக்கிறது.
கலம்தான் ஒவ்வொரு முறையும்
மயிரிழை குறைகிறது.

எண்பது விழுக்காட்டுக்குக் கீழே போனால்
செத்தது என்று எழுத வேண்டும். விதி.
எண்பது மிச்சமிருக்கும்போதே சாவா என்று
முதல் வருடம் கேட்டேன்.
இது ஆறாவது வருடம்.
உதவித்தொகை நின்று எட்டு மாதம்.

கார்த்திகைப் புயல்.
வேளச்சேரி மேம்பாலத்தில்
கார்கள் முன்கூட்டியே ஏறி வரிசைகட்டிய இரவு
வளாகத்தில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் அறையில் முழங்கால் தண்ணீர்.
யுபிஎஸ் நாற்பது நிமிடம் கீச்சிட்டு அடங்கியது.
மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி என்று படிக்கிறவள்
மொபைல் வெளிச்சத்தில் நமுத்த பிஸ்கட் தின்றேன்,
பேட்டரி ஒன்பது விழுக்காடு.

பதினொரு மணி நேரம்.
சூட்டறை மெல்ல ஆறியது.
சோறு ஆறும், புண் ஆறும், இளைப்பும் ஆறும்.
அன்றைக்கு அடையாறு மட்டும் ஆறவில்லை.
யாரும் எங்கும் எதையும் டெலிவரி செய்யவில்லை.
நாய் ஏதாவது கடைப்படியில் சுருண்டிருக்கும்.

மறுநாள் மதியம் ஓட்டிப் பார்த்தேன்.
ஏழாம் எண் கலம்,
எண்பத்தொன்றில் தள்ளாடிக்கொண்டிருந்தது,
புள்ளி ஆறு ஏறியிருந்தது.
கருவிக்குத்தான் ஏதோ கோளாறென்று
மூன்று தடவை அளந்தேன்.
ஏறித்தான் இருந்தது.
அதிசயம் ஒன்றுமில்லை. புத்தகத்திலேயே இருக்கிறது:
ஓட்டத்தில் ஓரமாய் ஒதுங்கிப்போன அயனிகள்
ஓய்வு கிடைத்தால் நடுவுக்குத் திரும்பும்.
நாலைந்து சுற்றில் மறுபடி இறங்கிவிடும்.
இறங்கியும்விட்டது.

கட்டுரையை வாசித்த பெயரில்லா நடுவர் எழுதுகிறார்:
இந்த மேடு பொதுப் போக்குக்கு ஒவ்வவில்லை, நீக்கவும்.
எடுத்துடேன் அருள்செல்வி, எதுக்கு வம்பு,
என்கிறார் பத்மஜா மேடமும்.

நேற்று சகாயராஜ் போன் செய்தார்.
அந்த ஐநூறு ரூபா என்னாச்சு மேடம்?
படிவம் நிதிப் பிரிவில் இருக்கிறது என்றேன்,
போன தீபாவளிக்குச் சொன்னது போலவே.
இப்போது பெட்ரோல் வண்டியாம். பாடிக்குக் குடிபோய்விட்டாராம்.
நாயைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.
எந்த நாய் என்பார்.
அவருக்கு அது ஒரு தடவைதான் ஓடியது.

நடுவருக்கு இன்னும் பதில் போடவில்லை.
மேடு அங்கேயே இருக்கிறது.
அடியில் சின்ன எழுத்தில்
மின்தடை, பதினொரு மணி நேரம்
என்று மட்டும் சேர்த்திருக்கிறேன்.

திரையில் மறுபடி செவ்வாய்க்கிழமை.
மணி 11.41.
சூட்டறைக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொள்கிறேன்.
ஓடு, வெள்ளையா.