எறியாத கல்

வெள்ளைக் காற்சட்டைப் பையில்
ஒரு கல்.
தண்டவாளத்துக் கருங்கல்,
கூர் இன்னும் மழுங்கவில்லை.

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில்
ஸ்கூல் வான் நின்றதாம்.
கபரகொய்யா ஒன்று
ஆடி ஆடி ரோட்டைக் கடந்ததாம்.
காலி வீதி முழுக்க ஹோர்ன்.
நியாஸ் நானா எஞ்சினை நிறுத்திவிட்டுப்
பாட்டுக் கேட்டாராம்.

"எல்லாரும் எறிஞ்சவங்களா?"
"ம்."
"நீ?"
துவாரகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.
"முன்னங்காலில ஒரு விரல் இல்லை அம்மா.
ஆரோ முந்தியே எறிஞ்சிட்டினம்."

கல்லை என்ன செய்வதென்று தெரியாமல்
மணிபிளாண்ட் போத்தலுக்குள் போட்டேன்.

அன்றிரவு குசினியில்
கரப்பொத்தானுக்குச் செருப்பை ஓங்கினேன்.
கதவடியில் அவன்,
தண்ணீர்க் கோப்பையோடு.

கை இறங்கிவிட்டது.
கரப்பொத்தான்
பிரிட்ஜுக்கடியில் இருக்கிறது,
இன்னும்.