ஒரம்பரை

கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி, எங்கள் ஆபீஸ்.
கீழே இரும்பு சீவுவது நின்றால் மணி ஒன்றரை.
மேலே நாங்கள் செய்வது சத்தமில்லாத சாமான்:
தோட்டத்து மோட்டாரை செல்போனால்
போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி,
அதற்குள் ஓடும் நிரல்.

ஒரு கமாவை மாற்றினாலும்
பில்ட் சர்வர் புதிதாய்ப் பிறக்கும்.
வெறுங்கையோடு பிறக்கும்.
கம்பைலரைக் கடல்தாண்டி எங்கிருந்தோ
மூட்டை மூட்டையாய் இறக்கும், அவிழ்க்கும், அடுக்கும்.
நாலே நிமிசம் வேலை பார்க்கும்.
அப்புறம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் செத்துப்போகும்.
மொத்தம் இருபத்திரண்டு நிமிசம்.

அந்த இடைவெளியில்தான் மௌலீஸ்வரன்
பேக்கரிக்குப் போவான், தேங்காய் பன் தின்பான்,
நாளுக்கு ஆறு தடவை.
நான் சீட்டுக் கணக்கு எழுதுவேன்.
யாரும் குறைப்பட்டதில்லை.
மழை எப்போது விடும் என்று
மழையிடமே போய்க் கேட்பார்களா?

ஆவணி முகூர்த்த வியாழன், ராத்திரி ஒன்பதே கால்.
ஊதியூர் சென்னியப்பன் கூப்பிட்டார்.
"த்ரீ பேஸ் வந்துச்சுங்க, மோட்டாரப் போட்டனுங்க.
இப்ப நிறுத்துனா நிக்க மாட்டீங்குது.
நான் திருச்செங்கோட்டுல, கல்யாண மண்டபத்துல.
பக்கத்துக் காட்டுக்காரரும் இங்கதான்,
பந்தியில உக்காந்திருக்கறாரு.
மஞ்சக்காட்டுல தண்ணி நின்னா
கெழங்கு அழுகிப்போகுமுங்க, சித்த வெசையாப் பாருங்க."

தப்பு மூணு நிமிசத்தில் கிடைத்தது.
சாயங்காலம் அனுப்பிய புது நிரலில்
பூச்சியம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று.
திருத்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.
ஒன்பதாம் நிமிசத்தில் டவுன்லோடு அறுந்தது.
மறுபடி பிறப்பு, வெறுங்கை, கடல்.
ஊதியூரில் ஏழரைக் குதிரைச் சக்தி
இருட்டுக்குள் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது.

கை சும்மா இருக்கவில்லை.
சர்வருக்குள் போய் ஒரு வரி தட்டினேன்:
கம்பைலர் இங்கே உண்டா?

உண்டு.
மெஷினோடு சேர்த்தே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.
வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளை
ஒவ்வொரு தடவையும் ரயிலேற்றி வரவழைத்து,
பாய் போட்டு, ஒரம்பரைக்குச் செய்கிற உபசாரமெல்லாம் செய்து
திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.
கேட்டால்தானே சொல்வார்.

இறக்கு, அவிழ், அடுக்கு என்ற
அந்தப் பதினோரு வரியை எழுதியது யார் என்று தேடினேன்.
என் பெயர்.
வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம்.

அழித்தேன்.
உள்ளே இருந்தது ஒரு படி பழைய பதிப்பு.
இரண்டு எச்சரிக்கை முனகியது, அவ்வளவுதான்.
மூணு நிமிசம் ஐம்பது நொடி.

"நின்னு போச்சுங்க" என்றார் சென்னியப்பன்.
பின்னால் யாரோ இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்கள்.

மறுநாள் மௌலீஸ் பழக்கத்தில் எழுந்தான்.
படியில் பாதி இறங்குவதற்குள்
திரையில் பச்சை விழுந்துவிட்டது.
திரும்பி வந்து உட்கார்ந்தான்,
அடுத்த வேலையை எடுத்தான்.
என்னை ஒரு பார்வை பார்த்தான்.

திங்கட்கிழமை நான் பால் வாங்கப் போனபோது
பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்:
"ஏனுங்க, கம்பெனியை மூடிட்டாங்களா?"