வெளியேறு

மாங்கூழ் ஆலையின் மஞ்சள் கிரேட்டில்
சிபியுவை வைத்து, பழைய சேலையால் இறுக்கிக் கட்டி
காவேரிப்பட்டணத்திலிருந்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில்
கொண்டுவந்தாள் கௌரம்மா.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் என் கடை.
பாலத்தில் லாரி போனால் ஸ்க்ரூ டப்பா குலுங்கும்.

"பையன் ஆடுற கேம். லாரி ஓட்டுறது.
சத்தம் பிசிறுது.
வெளிய வரச் சொன்னா அப்படியே நின்னுடுது.
கரண்ட்டப் புடுங்கித்தான் நிறுத்துறோம்."
கரண்ட்டைப் புடுங்காதீங்க என்றேன்.
"வேற என்னத்தப் புடுங்க?"

போட்டுப் பார்த்தேன்.
பனி பெய்யும் ஏதோ தேசம். நீல லாரி.
முதல் நிமிடம் இன்ஜின் நன்றாகத்தான் உறுமியது.
பிறகு குவாரியில் டிரில் சிக்கியதுபோல்
ட்ட்ட், ஒரு பள்ளம், ட்ட்ட்.
வெளியேறு என்பதை அழுத்தினேன்.
நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம்.
உறைந்தது.
வைப்பர் பாதி துடைத்த கண்ணாடியோடு.

சவுண்டு டிரைவரைக் கழற்றி மாட்டினேன்.
கிராபிக்ஸ் டிரைவரையும்.
முழுத்திரையைச் சன்னலாகச் சுருக்கினேன்.
நாற்பத்தெட்டாயிரத்தை
நாற்பத்து நாலாயிரத்து நூறாக்கினேன்
(அது ஒலியின் கணக்கு. அவளுக்கு விளக்கவில்லை,
எனக்கே பாதிதான் தெரியும்).
ஃபேனுக்குள் காய்ந்த கரப்பான் ஒன்று. எடுத்தேன்.
பதினோரு தடவை உள்ளே போய்
பதினோரு தடவை டாஸ்க் மேனேஜரால்
கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தேன்.
பன்னிரண்டாவதுக்கு முன்னால் டீ.

சேமித்த ஆட்டத்தைப் பார்த்தேன்.
ஓட்டுநர் பெயர்: கௌரி.
ஓட்டிய நேரம்: நானூற்றுப் பன்னிரண்டு மணி.
பையன் என்ன படிக்கிறான் என்றேன்.
கிரேட்டின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள்.
"பையனெல்லாம் இல்ல. நாந்தான்.
வீட்டுக்காரர் நாக்பூர் லைன், போனா பத்து நாள்.
ரிவர்ஸ் அவரவிட எனக்கு நல்லா வரும்.
சொல்லிடாதீங்க."

வேறு வழியில்லாமல்
ஒலிக் கருவிகளின் பட்டியலைத் திறந்தேன்.
ஸ்பீக்கர். மானிட்டர்.
அப்புறம் ஒரு ஹெட்செட், பெயர் திம்மராயன்.
பச்சை டிக் அதற்குத்தான்.
இது எங்கம்மா இருக்கு?
"அவர் கழுத்துல.
தீபாவளிக்கு வந்தப்ப ஒருக்கா இதுல மாட்டினார்."

ஆக, சில நொடிக்கு ஒருதரம்
சத்தம் அவர் காதைத் தேடிப் போகிறது.
இல்லையென்று ஸ்பீக்கருக்குத் திரும்புகிறது.
அந்த அலைச்சல்தான் பிசிறு.
கிளம்பும்போது ஒவ்வொரு கருவியிடமும்
வரட்டுமா என்கிறது.
எல்லாம் சரி சொல்கின்றன, ஒன்றைத் தவிர.
அது சொல்லும்வரை படியிறங்காது.
இதை எழுதியவன் மரியாதை தெரிந்தவன்,
அல்லது சோம்பேறி.

நீக்கு என்ற இடத்தில் என் விரல்.
"எடுத்துட்டா, அவர் வந்தா மறுபடி சேராதா?"
சேரும். பட்டனை மூணு நொடி அழுத்திப் பிடிச்சாப் போதும்.
பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதினாள்: 3.

நீக்கினேன்.
இன்ஜின் அறுபடாமல் உறுமியது.
பாலத்தில் போவது எது, திரையில் ஓடுவது எது என்று
ஒரு கணம் எனக்கே பிடிபடவில்லை.
வெளியேறு என்பதை அழுத்தப் போனேன்,
கையைத் தட்டிவிட்டாள்.
"நடு ரோட்டுல வண்டிய விட்டுட்டு
யாராச்சும் எறங்குவாங்களா?"

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
இன்டிகேட்டர். அந்த ஊர் வழக்கப்படி வலது ஓரம்.
பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால்
இரண்டு லாரிகளுக்கு நடுவில்
ஒரே வெட்டில் பின்னோக்கி நுழைத்தாள்.
ஹேண்ட்பிரேக். ஹெட்லைட்டை அணைத்தாள்.
கண்ணாடியில் பனி விழுவதைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அப்புறம்தான் அழுத்தினாள்.
நிச்சயமாகவா.
மூடிக்கொண்டது.

இருநூற்றைம்பது என்றேன்.
இருநூறை வைத்துவிட்டுக் கிரேட்டைத் தூக்கினாள்.
"மீதி, வண்டி வந்ததும்."