பதினோரு மாதம்

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே
ஆறடிக்கு எட்டடி:
பெனிட்டா ஜாப் டைப்பிங்.
பத்தொன்பது வருஷத்தில்
நான் அடித்த வாடகை ஒப்பந்தங்களை ஒட்டினால்
கிண்டி வரைக்கும் பந்தல் போடலாம்.

எல்லாமே பதினோரு மாதம்தான்.
பன்னிரண்டு என்றால் பதிவுக்குப் போகணும்,
யாருக்கும் வேண்டாம் அந்த அலைச்சல்.

என் கணினிக்கும் ஒரு வீட்டுக்காரன் இருந்தான்.
முகம் பார்த்ததில்லை.
நீளநீளமாய் அவன் போட்ட ஷரத்துகளை
சர்ரென்று கீழே தள்ளி
'சம்மதம்' என்று ஒரு சொடுக்கு.
ஊரார் பத்திரத்தில் ஒரு கமாவுக்குச் சண்டை போடுகிறவள்
என்னுடையதில் ஒரு வரி படித்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
வாடகையும் கொடுத்ததில்லை.
பர்மா பஜார் டிவிடி.
திரையின் வலது கீழ் மூலையில்
சாம்பல் நிறத்தில் ஒரு வாசகம்
ஏழு வருஷமாய் உரிமம் எங்கே, உரிமம் எங்கே என்றது.
அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்.
வேளாங்கண்ணி மாதா.

போன ஐப்பசியில் நோட்டீஸ் வந்தது.
அடுத்த பதிப்புக்கு
இந்த இயந்திரம் தகுதியில்லை, புதிது வாங்கவும்.
புரோக்கர் துரைக்கண்ணுகூட
இத்தனை மரியாதையாய் யாரையும் காலி பண்ணச் சொன்னதில்லை.

ரிச்சி தெருவில் அப்சல்
பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான்.
'லினக்ஸ்க்கா. அதுக்குக் காசில்ல, டிரைவுக்கு முன்னூறு.'
'யாருது இது?'
'யாருதும் இல்ல. எல்லாருதும்.'
பத்திரத்தில் அப்படி எழுதிக் கொண்டுபோனால்
சார்பதிவாளர் மூஞ்சியில் எறிவார்.

சனிக்கிழமை ராத்திரி
ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்தேன்.
வட்டைப் பாகம் பிரிக்கவா என்றது.
பிரி.
பழையதை அழிக்கவா என்றது.
கோப்பையெல்லாம் தனியே எடுத்து வைத்திருந்தேன்தான்,
இருந்தும் கை நின்றது.
மழையில் கடைசி தாம்பரம் வண்டி
சைதையில் நின்று, கிளம்பி, சத்தம் ஓயும்வரை நின்றது.
அழி.

கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டது.
அடிக்கிறேன், அடிக்கிறேன்,
ஒரு புள்ளிகூட விழவில்லை.
கீபோர்டு செத்துப்போச்சு என்று
கவிழ்த்துத் தட்டினேன்.
நாலு வேர்க்கடலைத் தோல் விழுந்தது.

பன்னிரண்டரைக்கு, பிரிண்டர் வரமாட்டேன் என்றது.
சொந்த வீடு என்றால் இதுதான் போல,
குழாய் ஒழுகினால்
கூப்பிட ஆளில்லை.

அதற்கப்புறம்தான் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன்.
பழைய எழுத்துரு இதில் கிடையாது.
தமிழ் ஒரு சொட்டு இல்லை.
தலைப்பில்
thlif
என்று என்னவோ நின்றது.
வயிற்றில் புளி கரைந்தது.
பத்தொன்பது வருஷமும் இப்படியா ஆகும்?

மேசை விளிம்பில் விரல்கள் தாமாக அசைந்தன.
டி, ஹெச். எல். ஐ, எஃப்.
வா. ட. கை.

கண் தொலைத்ததைக் கை வைத்திருந்தது.
மேசையைத் தட்டித் தட்டி
ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன்:
ஜாபர்கான்பேட்டை, முதல் மாடி, மோட்டார் பொது,
முன்பணம் ஐம்பதாயிரம்,
சுவரில் ஆணி அடிக்கலாகாது.
பக்கத்து ஏடிஎம் காவலாளி குனிந்து
ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்:
'ஒண்ணும் இல்லியேம்மா?'

எழுத்துருவை மறுநாள் ஏற்றிவிட்டேன்.
இரண்டு நிமிஷ வேலை.

திங்களன்று துரைக்கண்ணு வந்தார்,
வேளச்சேரிப் பார்ட்டியோடு.
'என்னம்மா, திரை வேற மாதிரி இருக்கு?'
'வீடு மாத்திட்டேன்.'
'அட்வான்ஸ் எவ்ளோ?'
பிரிண்டர் ஒருவழியாய் ஒரு பக்கம் துப்பியது,
கொஞ்சம் கோணலாய்.

மூலையில் மாதா அப்படியே நிற்கிறாள்.
அடியில் மறைக்க இப்போது எதுவுமில்லை.
எடுத்துவிடலாம் என்று நகத்தை வைத்தேன்.
இருக்கட்டும்.
அவளோடு ஒப்பந்தம் எதுவும் போட்டதில்லை.