இருபத்தாறு விநாடி

பழைய இரும்புக்காரன் கிலோவுக்கு முப்பத்திரண்டு சொன்னான்.
நாங்கள் முப்பத்துமூன்று கொடுத்தோம்.
அப்படித்தான் எங்களுக்குச் சொந்தமானது
குலசேகரம் ரோட்டிலிருந்து சானல்கரைக்கு இறங்கினால்
ஓடு சரிந்த பம்ப் ஷெட்டில்
பதினெட்டு மழைக்காலம் கிடந்த
ஒற்றை சிலிண்டர் எஞ்சின்.

கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் இறைத்தது.
ஏலாவில் இப்போது ஏத்தன் வாழை, மூன்று வீடு,
ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்.
அந்தத் தண்ணீர் யாருக்கும் வேண்டாம்.
எங்களுக்கும் வேண்டாம்.
ஓடுமா என்று பார்க்கணும், அவ்வளவுதான்.

நான் கணக்கு.
மற்ற நாளெல்லாம் இன்சூரன்ஸ் ஆபீஸ்,
ஞாயிறு மதியம் இந்த நோட்டு.
மண்ணெண்ணெய் மூன்று லிட்டர்.
உப்புத்தாள், எண்பது நம்பர், பன்னிரண்டு.
சைலன்சருக்குள் குளவிக்கூடு:
செலவில்லை, பென்சாமுக்குக் கன்னம் வீங்கியது.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது.
தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி
வாரா வாரம் ரப்பர்த்தடித் துண்டை வைத்து அடித்தோம்.
"சவம், அசையமாட்டேங்கு" என்று
பென்சாம் சுத்தியலை எறிந்த ஐந்தாவது ஞாயிறு
ஒரு நெல்லிடை இறங்கியது.
நான்கு பேரும் குனிந்து
அந்த நெல்லிடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காவது ஆள் எஸ்கலின்.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூன்றாவது ஞாயிறு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை,
உப்புத்தாளை எடுத்துச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள்.
துருவை அவ்வளவு கோபமாகத் தேய்க்கிற ஆளை
நான் பார்த்ததில்லை.

விஜுகுமாருக்கு எல்லாம் பழையபடி இருக்கணும்.
துருவுக்கு அடியில் நகத்தளவு மிஞ்சிய பச்சையைச் சுரண்டி
பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோய்
ஏழு டப்பா கலக்கவைத்தவன்.
பெல்ட்டுக்குக் கம்பிவலை போடணும் என்று எஸ்கலின் சொன்னபோது
தலையை ஆட்டினான்:
"ஒரிஜினல்ல வலை கெடையாது."

அவள் ஸ்பேனரைத் துடைத்து வைத்தாள்.
"ஒரிஜினல்ல எங்க அப்பாக்க கையில
அஞ்சு விரலு உண்டு."

கம்பிவலை, நான்கடி: எண்ணூற்றுப் பத்து.
மஞ்சள் பெயிண்ட், கால் லிட்டர்.
விஜுகுமார்தான் வாங்கிவந்தான். பில் தரவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்,
வால்வுக்குப் பேஸ்ட் தேய்த்தபடி, எங்களைப் பார்க்காமல்.
லிவர் பக்கம் நின்றவன் தாசையன்.
அப்பா கத்தினாராம். அவன் நிறுத்தவில்லையாம்.
குடித்திருந்தான் என்றார்கள்,
வரப்புத் தகராறு, வேணுமென்றே நின்றான் என்றார்கள்.
கொல்லம் பக்கம் போனவன்
தாயின் அடக்கத்துக்கும் வரவில்லை.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு மூன்று மணிக்கு,
பென்சாம் கைப்பிடியைச் சுற்ற
நான் காற்றடைப்பை விட
கறுப்பாக ஒன்று, வெள்ளையாக ஒன்று,
பிறகு ஷெட் முழுக்கச் சத்தம்.
மண்டபத்துச் சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள்.
விஜுகுமார் அழுதான். புகை என்றான்.

எஸ்கலின் செல்போனை எடுத்தாள்.
படம் பிடிக்கத்தான் என்று நினைத்தோம்.
அவள் லிவரை இழுத்தாள்.
டீசல் நின்றது. சக்கரம் நிற்கவில்லை.
பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு,
ஆள் இல்லாத வீட்டில் மின்விசிறி மாதிரி,
சுற்றியது, சுற்றியது.

"இன்னொரு தடவ."
இன்னொரு தடவை.
"இன்னும் ஒண்ணு."

அவள் வெளியே போய்
வாழைக்குள் நின்று போன் பேசினாள்.
பாதிதான் கேட்டது.
"இல்லப்பா. இழுத்துருப்பாரு.
இழுத்தாலும் நிக்காது, நான் பாத்தேன்."
சிறிது நேரம் கழித்து, சத்தமாக,
"நான் பாத்தேன்னு சொல்லுகேன்லா."

அன்றைய பக்கத்தில் என் கையெழுத்து:

டீசல் இரண்டு லிட்டர்.
ஓடியது மூன்று முறை.
நிற்க, விநாடி: 26, 25, 26.
பழம்பொரி எட்டு, சாயா நாலு.
ஒரு சாயா ஆறிப்போனது.