பத்து நிமிட விதி

வியாழன், பின்னேரம் இரண்டு மணி. கோணேசபுரி வளாகத்தில்
மின்விசிறி சுற்றாத அறை.
யன்னலைத் திறந்தால் உப்புக்காற்றில் தாள்கள் பறக்கும்,
மூடினால் நாங்கள் அவிவோம்.
கவிதைப் பட்டறைக்கு ஒன்பது பேர்,
அதில் இருவர் வரவுப் பதிவுக்காக மட்டும்.

முதல் வாரமே நளாயினி மிஸ்
வெண்பலகையில் நான்கு சொல் எழுதி
குறுக்கே கோடிழுத்தார்:
கடல். நிலா. குருதி. அம்மா.
இந்தத் தவணை முடியும்வரை இவை இல்லாமல் எழுதுங்கள்.

யன்னலுக்கு வெளியே
தடைசெய்யப்பட்ட முதலாவது சொல்
தன்பாட்டில் கரைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.
நீலப் பரப்பு என்று எழுதிப் பிடிபட்டான் கஜரூபன்.
நான் வெறுமனே ‘அது’ என்று எழுதினேன்.
ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.
கவிதையும் தேறவில்லை.

இரண்டாவது விதி:
வாசித்தவர் பத்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது.
மற்றவர்கள் கதைப்பார்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.
வீட்டைவிட்டுப் போன கவிதைக்குப் பின்னால்
ஓடியோடி விளக்கம் சொல்ல ஏலாது, என்பார் மிஸ்.

ஏழாம் வாரம் றிஸ்மியா.
மூதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.
பாதித் தாளில் பதினொரு வரி. கடைசி மூன்றும் இப்படி:

ஐஸ் கரைந்த பெட்டி
கந்தளாய் பஸ்ஸில் வந்து இறங்கியது
காக்கா வரவில்லை

சுற்றாத விசிறியின் சத்தம்கூடக் கேட்டது.

ஹட்டனிலிருந்து வந்த முகிலரசி தொடங்கினாள்:
அந்தக் காக்காதான் கவிதை.
சோறு வைத்துக் கூப்பிட்டும் வராத காக்கா.
பிதிர்கள் கோபித்துக்கொண்ட வீடு.
அப்படியென்றால், என்றான் கஜரூபன்,
இது அந்தப் பெட்டி.
யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.
ஐஸ் பிணவறையாயிற்று. பஸ் காலமாயிற்று.
மிஸ்கூட ஓரத்தில் எதையோ எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

நான் உப்புவெளி.
வாசலுக்கு மீன் கொண்டுவரும் ஜௌபரை
அவருடைய தங்கச்சி எப்படிக் கூப்பிடுவாள் என்று
கேட்டு வளர்ந்தவள்.
மூதூரில் அந்தச் சொல்லுக்குச் சிறகில்லை,
சாரம் உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு.
கையைத் தூக்கியிருந்தால் போதும்.
தூக்கவில்லை.
பறவைதான் நல்ல கவிதை என்று தோன்றிவிட்டது.

றிஸ்மியா பேனை மூடியைக் கடித்தபடி இருந்தாள்,
தன் வீட்டு மனிதனுக்கு
ஒவ்வொரு இறகாக முளைப்பதைப் பார்த்துக்கொண்டு.

நேரம் முடிந்தது.
‘அது என்ட காக்கா, மிஸ். கூடப் பிறந்தவர்.
வழியில லொறி பழுதாகி மீனெல்லாம் நாறிப் போச்சு.
நாற்பத்து மூவாயிரம் ரூபா நட்டம்.
வாப்பாவுக்குப் பயந்து பெட்டியை மட்டும் பஸ்ஸில போட்டு விட்டார்.
மூணாம் நாள் வந்தார்,
தலைமயிர் வெட்டிக்கொண்டு.’

சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான்.
முகிலரசி மேசையில் நெற்றியை முட்டி முட்டிச் சிரித்தாள்.
அடிக்குறிப்பு ஒன்று போடலாமா, என்று கேட்டார் மிஸ்.
வேணாம், உங்கட காக்காவும் இருக்கட்டும், என்றாள் றிஸ்மியா.

பிறகு அந்தத் தாளால் ஒருவன் விசிறிக்கொண்டான்.
இல்லாத பிணத்துக்கு நெகிழ்ந்த நாங்கள்
நாற்பத்து மூவாயிரம் ரூபாவுக்கு நெகிழவில்லை.
கடனுக்கு ஒளிந்த ஒருவன்
கந்தளாயில் இரண்டு இரவு எங்கே படுத்தான் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
அது ஐந்தாவது வரியில் இருந்தது.

நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம்.
(ஊர்ப்பெயரில் வரும் நிலாவுக்கு
மிஸ் விலக்குத் தந்திருந்தார்.)
‘உனக்குத் தெரியுந்தானே,’ என்றாள், ‘நீ இந்தப் பக்கம்தானே.’
நான் வாயைத் திறந்தேன்.
அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
‘இன்னும் பத்து நிமிஷம்.’

பஸ்ஸுக்கா, எனக்கா,
கேட்கவில்லை.